கதிரளவைத் தேடிய கார்மாக்

ஸ்கேன் என்னும் சொல் இன்று நம் இல்லங்களில் புழங்காத நாளில்லை. தலையில் அடிபட்டால் ஸ்கேன், வயிற்று வலி நீங்காவிட்டால் ஸ்கேன் என்று வீட்டிலுள்ள முதியோரும் இயல்பாகப் பேசும் அளவிற்கு அது பழகிப்போயிற்று. அச்சொல்லால் குறிக்கப்பெறும் கருவிகளுள் தலையாயதாகிய சி.டி. ஸ்கேனுக்குக் கணித அடித்தளம் இட்டவர் ஆலன் மேக்லியாட் கார்மாக். 1979ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இதற்காகவே அவருக்கும் இங்கிலாந்தின் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது. எனினும் கார்மாக் தேடிப் புறப்பட்டது படம் அன்று, அளவு. புற்றுநோயாளியின் உடலிற் செலுத்தப்படும் கதிர் எவ்விடத்தில் எவ்வளவு சென்று சேர்கிறது என்னும் கணக்கைத் திருத்தப் புகுந்தவருக்குப் படம் வழியில் கிடைத்தது. அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் இச்செய்தியை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். நாம் அதனையே நடுவில் வைத்து அவர் வாழ்வைச் சொல்ல விழைகின்றோம். தமிழ்த்துறை மலரில் சமன்பாட்டிற்கு என்ன வேலை என்று மாணவர் அஞ்ச வேண்டா. கூட்டல் அறிந்தார்க்கு விளங்கும் அளவிலேயே நிற்போம்.

கார்மாக் 1924ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரிற் பிறந்தார். பெற்றோர் வட ஸ்காட்லாந்திலிருந்து முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் அங்குக் குடியேறியவர்கள். தந்தையார் அஞ்சல் துறையிற் பொறியாளர், அன்னையார் ஆசிரியை. 1936இல் தந்தையார் மறைந்தபின் குடும்பம் கேப் டவுன் நகரில் நிலைகொண்டது. பள்ளிப் பருவத்தில் அவரை ஈர்த்தது வானியல். விண்மீன்களைப் பற்றி எடிங்டனும் ஜீன்ஸும் எழுதிய நூல்களைப் படித்து, தாமும் வானியலாராக வேண்டும் என்று விரும்பினார். விண்மீன்களை எண்ணி வயிறு வளர்ப்பது அரிது என்பதனை விரைவில் உணர்ந்து, கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். இரண்டோர் ஆண்டில் அதனையும் விடுத்து இயற்பியலுக்கு மாறினார். அங்கே இயற்பியல் துறைத் தலைவராக இருந்தவர் ஆர்.டபிள்யூ. ஜேம்ஸ். இவர் ஷேக்கில்டனின் தென்துருவப் பயணத்தில் பனிக்கடலிற் சிக்கி மீண்ட குழுவில் ஒருவர். பின்னர்ப் படிகங்களை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து புகழ் பெற்றார். அவரிடம் பயின்ற கார்மாக் 1945இல் படிகவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

பின்பு கேம்பிரிட்ஜ் சென்று, புகழ் பெற்ற கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆட்டோ ஃபிரிஷ் என்பாரின் கீழ் ஆய்வு தொடங்கினார். டிராக் நிகழ்த்திய குவாண்டம் இயக்கவியல் சொற்பொழிவுகளைக் கேட்கச் சென்ற இடத்தில் பார்பரா சீவி என்னும் அமெரிக்க மாணவியைச் சந்தித்தார். மணம் செய்ய மனம் இருந்தது, பணம் இல்லை. பழைய ஆசிரியர் ஜேம்ஸுக்கு மடல் எழுதி வேலை கேட்டார், கிடைத்தது. 1950இல் விரிவுரையாளராகக் கேப் டவுனுக்கு மீண்டார். முனைவர் பட்டம் முடிக்கப்படாமலே நின்றது. இறுதிவரை அவர் அதனைப் பெறவில்லை. பட்டங்களை அடுக்கிப் பெயருக்குப் பின் எழுதும் நாம் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்நகரில் குரூட் ஷூர் என்றொரு மருத்துவமனை உண்டு. 1967இல் மனித இதயத்தை முதன்முதலாக மாற்றிப் பொருத்தியது அங்கேதான். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் முன்னர், அம்மருத்துவமனையின் இயற்பியலாளர் பதவி விலகிச் சென்றார். கதிரியக்கப் பொருள்களை மருத்துவத்திற் பயன்படுத்தும்போது தகுதி பெற்ற இயற்பியலாளர் ஒருவர் மேற்பார்வையிட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். கேப் டவுனில் அப்போது அணுக்கரு இயற்பியல் அறிந்தவர் கார்மாக் ஒருவரே. எனவே 1956ஆம் ஆண்டின் முற்பாதியில் வாரம் ஒன்றரை நாள் அவர் மருத்துவமனைக்குச் சென்றுவர நேர்ந்தது. அவர்தம் கடமை எளியது. கதிரியக்கப் பொருள்களைக் கண்காணித்தலும், பணியாளர் அணியும் படலப் பட்டைகளைச் சரிபார்த்தலுமே. ஆனால் அவருக்குக் கிடைத்த இருக்கை புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை திட்டமிடும் இடத்தருகே இருந்தது. மருத்துவத் துறைக்கு அது நற்பேறாயிற்று.

அக்காலத்தில் அத்திட்டம் எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதனை விளக்கினால்தான் அவர் மனத்தில் எழுந்த ஐயம் விளங்கும். கட்டியை அழிக்கும் அளவிற்குக் கதிரை ஒரே திசையிலிருந்து செலுத்தினால், வழியிலுள்ள நல்ல திசுக்களும் வெந்துபோகும். ஆதலின் இரண்டு, மூன்று, நான்கு திசைகளிலிருந்து சிறுசிறு அளவாகச் செலுத்துவர். கதிர்க்கற்றைகள் யாவும் கட்டியில் வந்து கூடும்; அங்கு அளவு மிகும்; பிற இடங்களிற் குறையும். ஒவ்வொரு கற்றையும் எவ்வாழத்தில் எவ்வளவு கதிரைச் சேர்க்கும் என்பதற்குக் கோட்டுப்படங்கள் இருந்தன. நிலப்படத்தில் ஒத்த உயரமுள்ள இடங்களை இணைத்துக் கோடு வரைவது போல, ஒத்த கதிரளவுள்ள இடங்களை இணைத்து வரையப்பட்டவை அவை. நோயாளியின் உடல் விளிம்பை வரைந்த தாளின்மேல் இப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கோடுகள் வெட்டுமிடங்களில் எண்களைக் கூட்டி மொத்த அளவைக் குறிப்பர். மருத்துவர் பார்ப்பார், ஒரு கற்றையைச் சற்றுத் திருப்பச் சொல்லுவார், மீண்டும் கூட்டல் நடக்கும்.

கூட்டல் சரியாகவே நடந்தது. குறை இருந்தது படங்களில். அவை உடல் முழுதும் ஒரே சீரான பொருளால், ஏறத்தாழ நீரைப் போன்ற பொருளால் ஆனது என்று கொண்டு வரையப்பட்டவை. நம் உடலோ அவ்வாறு இல்லை. எலும்பு கதிரை மிகுதியாகத் தடுக்கிறது. நுரையீரலின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு அளவினதே. கதிர் அதனூடே எளிதாகக் கடந்து செல்லும். மார்பில் உள்ள கட்டிக்குத் திட்டமிடும்போது நுரையீரலை நீர் என்று எண்ணிக் கணக்கிட்டால், அதற்கு அப்பாலுள்ள திசு தாளில் எழுதியதைக் காட்டிலும் மிகுதியான கதிரைப் பெறும். வேறிடத்தில் எலும்பு குறுக்கிட்டால் நேர்மாறாகக் குறையும். குறைந்தால் கட்டி பிழைக்கும். மிகுந்தால் நோயாளியின் நல்லுறுப்பு கெடும். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வழி எவ்வளவு குறுகியது என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். கதிர்வீச்சு அலகுகளுக்கான பன்னாட்டு ஆணையம் 1976இல் வெளியிட்ட அறிக்கை, கட்டிக்குச் சேரும் கதிரளவு குறித்த அளவிலிருந்து 5 விழுக்காட்டிற்கு மேல் பிறழலாகாது என்று பரிந்துரைத்தது.

கார்மாக் கண்டது இதுவே: உடலின் உள்ளே எவ்விடத்தில் கதிர்த்தடுப்பு எவ்வளவு என்று தெரியாமல் அளவைச் சரியாக வகுக்க இயலாது. உடலை அறுக்காமல் அதனை அறிவது எங்ஙனம்? வெளியே நின்று அளக்கக்கூடியது ஒன்றே. ஒரு மெல்லிய கதிரை உடலின் ஒருபுறம் செலுத்தி, மறுபுறம் வருவதை அளக்கலாம். புகுந்ததற்கும் வெளிப்பட்டதற்கும் உள்ள விகிதத்தின் மடக்கையை எடுத்தால், அக்கதிர் சென்ற நேர்கோட்டிலுள்ள தடுப்புகள் அனைத்தின் கூட்டுத்தொகை கிடைக்கும். தொகைதான் கிடைக்கும்; எந்த இடத்தில் எவ்வளவு என்பது அதிற் கரைந்து போயிருக்கும். சாதாரண எக்ஸ்ரே படத்தின் குறையும் இதுவே. அதில் முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒரே நிழலாகப் படிந்துவிடுகின்றன.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சதுரம். மேல் வரிசையில் 3, 5. கீழ் வரிசையில் 2, 7. வரிசைக் கூட்டல் 8, 9. நிரைக் கூட்டல் 5, 12. இப்போது எண்களை மறைத்துவிட்டு, கூட்டல்களை மட்டும் நண்பரிடம் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொன்னால் அவர் திகைப்பார். ஏனெனில் மேலே 4, 4. கீழே 1, 8 என்று வைத்தாலும் அதே கூட்டல்களே வரும். ஆனால் மூலைவிட்டத்தையும் ஒருமுறை கூட்டிக் கொடுத்தால், முதற் சதுரம் 10 என்னும்; இரண்டாவது 12 என்னும்; மறைந்தவை வெளிப்பட்டுவிடும். திசைகள் பெருகப் பெருக உள்ளிருப்பது தெளிவாகிறது. நான்கு கட்டங்களுக்கு இது சிறுவர் விளையாட்டு. எல்லையற்ற புள்ளிகள் கொண்ட உடலின் ஒரு குறுக்குவெட்டிற்கு, எல்லாத் திசைகளிலும் செல்லும் கோடுகளின் தொகைகளைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் மீட்க ஒரு சூத்திரம் உண்டா? இதுவே அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட வினா.

இவ்வளவு இயல்பான வினாவிற்கு முன்னோர் எவரேனும் விடை கண்டிருப்பர் என்று கருதி நூல்களைத் துழாவினார், கணிதம் அறிந்தோரைக் கேட்டார், ஒன்றும் அகப்படவில்லை. விடை இருக்கத்தான் செய்தது. ஜோஹான் ராடோன் என்னும் கணித அறிஞர் 1917இலேயே இதனைத் தீர்த்து ஜெர்மன் மொழியில் வெளியிட்டிருந்தார். கார்மாக் அதனை அறிந்தது வினா எழுந்து ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே. கார்மாக் மருத்துவமனைக்குச் சென்றுவந்த அதே 1956ஆம் ஆண்டின் மே மாதத்தில் ராடோன் வியன்னாவில் மறைந்தார். தம் சூத்திரம் ஒரு நாள் நோயாளரின் உயிர் காக்க உதவும் என்பதனை அவர் அறிந்திருக்க வழியில்லை. இன்னொரு விந்தையும் உண்டு. அதே 1956இல் பிரேஸ்வெல் என்பார் வானொலி வானியலில் இத்தகைய கணக்கையே தீர்த்துக் கட்டுரை வெளியிட்டார். இளமையில் வானியலைக் கைவிட்டவருக்குத் தேவைப்பட்ட விடை வானியல் ஏடுகளிற் கிடந்தது! ஒரு துறையார் மறுதுறையார் எழுதுவதைப் படிப்பதில்லை என்னும் குறை நம் கல்லூரிகளுக்கு மட்டும் உரியதன்று போலும்.

அவ்வாண்டின் பிற்பாதியில் விடுப்புப் பெற்று ஹார்வர்டுக்குச் சென்ற கார்மாக், அங்குச் சைக்ளோட்ரான் கருவியில் அணுத்துகள் ஆய்வு நடத்திக்கொண்டே இக்கணக்கிற்கு ஒரு வழி கண்டார். 1957இல் கேப் டவுனில் அதனைச் சோதித்தார். நடுவே அலுமினியம், சுற்றிலும் மரவளையம். மொத்த விட்டம் 20 சென்டிமீட்டர். கோபால்ட்-60 தரும் காமாக் கதிரை மெல்லிய கற்றையாக்கி அதனூடே செலுத்தி, உருளையைச் சிறிது சிறிதாக நகர்த்தி அளந்தார். வட்டச் சமச்சீர் உடையதாகையால் ஒரு திசையில் அளந்தாலே போதும். கணக்கிட்டபோது மரத்திற்கும் அலுமினியத்திற்கும் உரிய மதிப்புகள் செவ்வனே வந்தன. நடுப்பகுதியில் மட்டும் மதிப்புச் சற்றுப் பிறழ்ந்தது. கணக்கிற் பிழையோ, அளவையிற் பிழையோ என்று ஐயுற்று, உருளையைச் செய்து கொடுத்த பட்டறையில் விசாரித்தார். உருளையின் நடுவில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள தூய அலுமினிய முளையும், அதனைச் சுற்றி அலுமினியக் கலவையும் வைத்துச் செய்திருந்தது அப்போதுதான் தெரியவந்தது. செய்தவருக்கு மட்டுமே தெரிந்திருந்த உள்ளமைப்பை, அறுத்துப் பாராமலே கணக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் வாழ்க்கையில் எமக்கு மிகவும் உவப்பான இடம் இதுவே. பிழை என்று தள்ளிவிட எவருக்கும் தோன்றக்கூடிய சிறு பிறழ்ச்சியை அவர் தள்ளவில்லை.

அவ்வாண்டே மனைவியின் தாயகமாகிய அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்து டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கு அவர்தம் முதன்மைப் பணி அணுத்துகள் இயற்பியல். கதிர்த்தடுப்புக் கணக்கு ஓய்வு நேரத்து நாட்டம். ஆயினும் அதனை விடவில்லை. 1963இல் சமச்சீர் இல்லாத ஒரு மாதிரியுருவை அமைத்தார். மண்டையோட்டிற்கு ஈடாக அலுமினிய வளையம். மென்திசுவிற்கு ஈடாக நெகிழி. கட்டிகளுக்கு ஈடாக இரண்டு அலுமினிய வட்டுகள். தம்மிடம் பயின்ற இளநிலை மாணவர் ஒருவரின் துணைகொண்டு கணிப்பொறியில் கணக்கிட, இரண்டு வட்டுகளும் தத்தம் இடத்தில் தெளிவாக வெளிப்பட்டன. 1963, 1964ஆம் ஆண்டுகளில் பயன்முறை இயற்பியல் இதழ் ஒன்றில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு இது பயன்படும் என்பதனையும் அவற்றில் எழுதியிருந்தார்.

உலகம் அசையவில்லை. மருத்துவர் அவ்விதழைப் படிப்பதில்லை. படித்த இயற்பியலாருக்கு மருத்துவத்தில் நாட்டமில்லை. கட்டுரைப் படி வேண்டி வந்த மடல்கள் மிகச் சில. அவற்றுள் சுவையானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு நிலையத்திலிருந்து வந்தது. மலையில் படிந்த பனியின் ஆழத்தை அளக்க இம்முறை உதவுமா என்று அறிய அவர்கள் விரும்பினர். தாம் கண்டதை எவரும் கண்டுகொள்ளவில்லையே என்று கார்மாக் முறையிட்டுத் திரியவில்லை. தம் வகுப்புகளுக்கும் ஆய்விற்கும் திரும்பினார். குணம் என்ற முறையில் இது போற்றத்தக்கதே. ஆயினும் அவர் ஒரு மருத்துவ இதழிலும் எழுதியிருந்தால் சில ஆண்டுகள் மிஞ்சியிருக்குமே என்று நமக்குத் தோன்றாமல் இல்லை.

இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய ஹவுன்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழகப் பட்டம் பெறாத பொறியாளர். அவர் இக்கட்டுரைகளின் துணையின்றித் தாமே வேறு வழியிற் சிந்தித்துக் கருவியைச் செய்தார். 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் லண்டனின் விம்பிள்டன் பகுதியிலுள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. நாம் முன்னர்க் கண்ட நான்கு கட்டச் சதுரம் அங்கு 80க்கு 80, அதாவது 6,400 கட்டங்களாக விரிந்திருந்தது. 180 கோணங்களில், ஒவ்வொன்றிலும் 160 அளவைகள், ஆக 28,800 தொகைகள். மருத்துவ உலகம் வியந்தது. அப்போதுதான் கார்மாக்கின் பழைய கட்டுரைகளைப் பலரும் தேடிப் படிக்கலாயினர். 1979இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது, இருவருமே மருத்துவம் பயிலாதவர், இருவருமே ஆய்ந்து பெற்ற முனைவர் பட்டம் இல்லாதவர் என்பது பேசப்பட்டது.

ஸ்கேன் வந்தபின் அவர்தம் முதல் வினாவிற்கும் விடை வந்தது. ஸ்கேன் தரும் ஒவ்வொரு புள்ளியின் எண்ணும் அவ்விடத்துத் திசுவின் தடுப்பைக் குறிக்கிறது. அவ்வெண்களில் நீர் 0, காற்று கழித்தல் 1,000. அதிலிருந்து நுரையீரல் இது, எலும்பு இது என்று அறிந்து கதிரளவைக் கணக்கிடலாம். இன்று கதிர்வீச்சுச் சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்கு முதலில் ஸ்கேன் எடுக்கப்படுவது இதற்காகவே.

பரிசு பெற்றோர் பலர் அதன்பின் மேடைகளிற் பொழுது கழிப்பர். கார்மாக் கணக்கிற்குத் திரும்பினார், அதுவும் தலைகீழாக. இவ்விடத்திற் கதிரளவு இவ்வளவு இருக்க வேண்டும், அவ்விடத்தில் இருக்கலாகாது என்று முன்னரே குறித்துவிட்டால், எத்திசையிலிருந்து எவ்வளவு கதிரைச் செலுத்த வேண்டும் என்பதனைக் கணிதமே சொல்லுமா? முதுகுத்தண்டைச் சுற்றி வளையமாகக் கட்டி இருப்பது போன்ற நிலையில் வளையத்திற்குக் கதிர் வேண்டும், நடுவிற்கு வேண்டா. இத்தகைய ஒரு கணக்கைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 1982இல் தீர்த்திருந்தனர். கார்மாக் அதனை விரித்து 1987இல் கதிர்வீச்சுப் புற்றுநோயியல் இதழில் வெளியிட்டார். தொடர்ந்து வந்த கட்டுரையைத் தம் மகனோடு இணைந்து எழுதினார். இம்முறை அவர் எழுதியது மருத்துவர் படிக்கும் இதழில் என்பதனைக் குறித்துக்கொள்ளலாம்.

இக்கணக்கில் ஓர் இடர் உண்டு. விரும்பிய அளவைத் துல்லியமாக எழுதிச் சமன்பாட்டைத் தீர்த்தால், சில திசைகளில் கழித்தற்குறி உடைய கதிரைச் செலுத்து என்று விடை வரும். தாளில் அது பிழையில்லாத விடை. சிகிச்சை அறையில் பொருளற்றது. செலுத்திய கதிரைத் திரும்ப எடுக்கும் கருவி எவரிடமும் இல்லை. கட்டிக்கு அப்பால் சிறிதும் கதிர் படாமல் கட்டியை மட்டும் சுடுவது இயலாது என்பதனையே அக்கழித்தற்குறி தெரிவிக்கிறது. எத்தகைய அளவுகளைக் கழித்தற்குறியின்றிப் பெறலாம், எவற்றைப் பெற இயலாது என்பதனைக் கார்மாக் தம் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் குவின்டோவுடன் சேர்ந்து 1989இல் ஆராய்ந்தார். 1990களில் மருத்துவமனைகளுக்கு வந்த செறிவு மாற்றுக் கதிர்வீச்சு முறையில், கணிப்பொறி இத்தலைகீழ்க் கணக்கையே செய்கிறது. கழித்தல் வரும் இடங்களைச் சுழியாக்கி, கட்டிக்கு வேண்டியது எவ்வளவு, உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் தண்டுவடத்திற்கும் தாங்கக்கூடியது எவ்வளவு என்று பேரம் பேசி, இயன்றவற்றுள் நல்லதைத் தேர்கிறது. அப்பேரத்தில் எவ்வுறுப்பிற்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதனை மட்டும் இன்றும் மருத்துவரே முடிவு செய்கின்றார்.

1990இல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்கு வழங்கப்பெற்றது. 1998ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் மாசசூசெட்ஸின் வின்செஸ்டர் நகரில் தம் 74ஆம் வயதில் புற்றுநோயால் மறைந்தார். தென்னாப்பிரிக்க அரசு 2002இல் தன் உயர்ந்த விருதாகிய மபுங்குப்வே விருதை அவர் மறைவிற்குப்பின் வழங்கியது. அவரோடு 1987இல் கட்டுரை எழுதிய மகன் ராபர்ட் கார்மாக், கதிர்வீச்சுச் சிகிச்சை திட்டமிடும் மருத்துவ இயற்பியலையே தம் துறையாகக் கொண்டார்.